முகவரி இல்லாத தேர்தல் விளம்பரங்கள்

மட்டக்களப்பில் தேர்தல் காலத்தில் மதிலொன்றில் வேட்பாளரின் சுவரொட்டியை ஒட்டினால், பொலிஸார் கூலியாட்களைக் கூட்டி வந்து, தண்ணீர் வாளியும் தகரத் துண்டுமாக அதைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அதே வேட்பாளரின் படத்தை, அதே சுலோகத்துடன், அந்த மதிலுக்குப் பின்னால் குடியிருப்பவர்களின் கைபேசிகளுக்கு மட்டும் போய்ச் சேரும்படி முகநூலில் பணம் கட்டி ஓடவிட்டால், அதைச் சுரண்டுவதற்கு எவரும் வருவதில்லை. யார் ஓடவிட்டார்கள், எவ்வளவு கட்டினார்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரும் இல்லை. கடந்த ஆண்டுகளில் 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் என்று அடுத்தடுத்து மூன்றைக் கண்டுவிட்டோம். மூன்றிலும் மதில்கள் ஓரளவு சுத்தமாகவே இருந்தன. பிரசாரம் நடந்த இடம் வேறு.

இணையவழிப் பிரசாரத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் நம் ஊரில் உடனே இரண்டு அணிகள் பிரிந்துவிடுகின்றன. ஓர் அணி, பொய் பரப்புகிறவனைப் பிடித்து உள்ளே போடு என்கிறது. மற்ற அணி, பேச்சுரிமையில் கைவைக்காதே என்கிறது. இரண்டு அணிகளும் பேச்சைப் பற்றியே பேசுகின்றன என்பதுதான் எனக்குள்ள குறை. தேர்தல் சட்டம் முதலில் கேட்க வேண்டியது என்ன சொன்னாய் என்பதை அல்ல, இதற்கு யார் காசு கொடுத்தார் என்பதை. இந்தக் கேள்வி நம் சட்டத்துக்குப் புதியதும் அல்ல.

அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தேர்தல் வந்துவிட்டால் அவருடைய கடைக்கு நித்திரை கிடையாது. இரவிரவாகத் துண்டுப்பிரசுரம் ஓடும். ஒருநாள் பின்னேரம் நான் அங்கே இருந்தபோது, ஓர் இளைஞர் பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து, வேறொரு வேட்பாளரைத் தாக்கி எழுதப்பட்ட பிரசுரமொன்றை ஐயாயிரம் பிரதி அடித்துத் தரும்படி கேட்டார். நண்பர் கணினியில் அதைத் திறந்து, எழுதியிருந்த எதையும் வாசிக்காமல், நேராகத் தாளின் அடிப்பக்கத்துக்குப் போனார். அங்கே ஒன்றும் இல்லை.

"வெளியிடுறவர்ர பேரும் விலாசமும் எங்க தம்பி?"

"அது போடாம அடிக்க ஏலாதா அண்ணன்?"

"போடாம அடிச்சா என்ட பேரையும் சேர்த்தெல்லே தேடி வருவாங்க. விலாசத்தை எழுதித் தாங்க, விடிய வந்து எடுக்கலாம்."

இளைஞர் பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. நண்பர் பெரிய கொள்கைவாதி அல்லர். எந்தக் கட்சிக்கும் அடித்துக் கொடுப்பார். அவரை அந்த அடிவரியைத் தேட வைத்தது 1946ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் கட்டளையிலிருந்து வரும் பழைய விதி: தேர்தலைக் குறித்து அச்சிடப்படும் விளம்பரம், துண்டுப்பிரசுரம், சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவரின் பெயரும் வெளியிட்டவரின் பெயரும் இருவருடைய முகவரிகளும் அதன் முகத்திலேயே இருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும் இதைக் கைவிடவில்லை. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் வெளியிடுவதும் அதே சட்டங்களில் தனிக் குற்றம். ஆனால் நடைமுறையில் இரண்டு விதிகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. பொய்யா மெய்யா என்று தீர்மானிக்க நீதிமன்றம் வேண்டும், சாட்சி வேண்டும், மாதக்கணக்கில் காலம் வேண்டும். அடிவரி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இரண்டு கண்கள் போதும். அச்சகக்காரர் தம்முடைய பிழைப்புக்குப் பயந்து செய்த அந்தச் சிறு பரிசோதனையை, பதினைந்து பொலிஸ்காரர்கள் சேர்ந்தாலும் அவ்வளவு சுருக்கமாகச் செய்ய முடியாது.

இந்த அடிவரிதான் இணையத்துக்கு வந்தபோது கழன்று விழுந்துவிட்டது. உள்ளூராட்சித் தேர்தல் காலத்தில் என் முகநூலில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த ஒரு பக்கத்தைச் சும்மா விடாமல் கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன். பக்கத்தின் பெயர் மாவட்டத்தின் குரல் தானே என்பது போல இருந்தது. அதன் 'வெளிப்படைத்தன்மை' பகுதியைத் திறந்தால் பழைய பெயர்கள் தெரியும்: முதலில் உதைபந்தாட்டச் செய்திக்கான பக்கமாகத் தொடங்கியிருந்தது, பிறகு வேலைவாய்ப்பு அறிவித்தல்களுக்கு மாறியது, தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் இப்போதைய பெயர் வந்திருந்தது. உதைபந்தாட்டத்துக்காகச் சேர்ந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், தாங்கள் கேட்காமலே ஒரு வேட்பாளரின் வாசகர்களாகியிருந்தார்கள். பக்கத்தை நிருவகிப்போர் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்ற வரியில் இலங்கையோடு இன்னொரு நாடும் இருந்தது. இவ்வளவையும் முகநூல் காட்டுகிறது. அந்த வேட்பாளருக்கும் பக்கத்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்பதை மட்டும் அது காட்டாது.

நியாயமாகச் சொல்வதானால், அந்நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னர் இலங்கையிலும் அரசியல் விளம்பரதாரர்கள் தம்மை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அத்தகைய விளம்பரங்கள் ஏழு ஆண்டுகளுக்கு விளம்பர நூலகத்தில் கிடக்கும். யாரும் திறந்து பார்க்கலாம். ஆனால் அங்கே செலவு இத்தனை தொடக்கம் இத்தனை வரை என்று ஒரு வீச்சாகவே தரப்படுகிறது. பணம் கொடுத்தவர் என்ற இடத்தில் பக்கத்தின் பெயரையே போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அது, துண்டுப்பிரசுரத்தின் அடியில் 'வெளியீடு: துண்டுப்பிரசுரம்' என்று அச்சிடுவதற்குச் சமம். தவிர, அரசியல் விளம்பரம் என்று விளம்பரதாரரே அறிவித்தால்தான் பெரும்பாலும் அது அந்தப் பெட்டிக்குள் விழுகிறது. அறிவிக்காமல் ஓடவிட்டு, நிறுவனம் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் வேலை முடிந்துவிடும்.

நம்மிடம் இப்போது செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது 2024 ஜனாதிபதித் தேர்தலில். வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று தேர்தல் ஆணைக்குழு உச்சவரம்பு வைத்தது. ஒரு கோடியே 71 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்கு அது ஏறத்தாழ 187 கோடி ரூபா. முடிவு வெளியானபின் 21 நாட்களுக்குள் வரவுசெலவு அறிக்கை கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அரசுகளிடமோ கம்பனிகளிடமோ, அடையாளத்தை உறுதிப்படுத்த முடியாதவர்களிடமோ நன்கொடை வாங்கக் கூடாது. நான் இச்சட்டத்தை மனதார வரவேற்றவன். இத்தனை தசாப்தங்களாக இப்படியொன்று இல்லாமல் தேர்தல் நடத்தியிருக்கிறோம் என்பதுதான் வெட்கம். ஆனால் அது கணக்குக் கேட்பது வேட்பாளரிடமும், கட்சிச் செயலாளரிடமும், சுயேச்சைக் குழுத் தலைவரிடமும். உதைபந்தாட்டப் பக்கத்தை நடத்துகிறவர் இவர்களில் எவரும் அல்லர். அவர் தம்முடைய கடனட்டையில் தாமே பணம் கட்டினார், தம்முடைய அபிமானத்தைத் தாமே தெரிவித்தார் என்று வேட்பாளர் கையை விரித்துவிடலாம்.

கிழக்கில் இது வெறும் கற்பனைச் சிக்கல் அல்ல. நம்முடைய குடும்பங்களில் பாதி ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் அங்கிருந்து பணம் வருவதைப் போலவே தேர்தலுக்கும் வருகிறது. அங்கிருக்கும் மைத்துனர் ஒருவர் தமக்குப் பிடித்த வேட்பாளருக்காக இருபது டொலர் கட்டி ஒரு காணொளியை ஓடவிடுவதை நான் குற்றமாகப் பார்க்கமாட்டேன். அவருக்கும் ஊரில் பங்குண்டு. ஆனால் அதே வழியால், மைத்துனரல்லாத ஒருவர், ஊரில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர், இருபதாயிரம் டொலரோடு வந்தால் என்ன செய்வது? அமெரிக்காவில் 2016இல் நடந்தது அதுதான். ரஷ்யாவிலிருந்து இயங்கிய போலிக் கணக்குகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலருக்கு மூவாயிரம் வரையான விளம்பரங்களை வாங்கியிருந்ததை 2017 செப்டெம்பரில் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது; அவற்றிற் சிலவற்றுக்கு ரூபிளிலேயே பணம் கட்டப்பட்டிருந்தது. அமெரிக்கத் தேர்தல் விளம்பரத்துக்கு ரூபிளில் காசு வருகிறதே என்று நின்று யோசிக்க ஓர் அச்சகக்காரர் அங்கே இல்லை.

பேச்சைப் பிடிக்கும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அம்பாறையைப் போல நன்கு அறிந்த இடம் வேறில்லை. 2018 பெப்ரவரி 10இல் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து இரண்டு வாரம் கழிந்த நிலையில், 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய உணவகத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து, கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை கலந்ததாக அவரை ஒப்புக்கொள்ள வைத்துப் படம்பிடித்தது. அந்தக் காணொளி முகநூலில் பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, சில நாட்களில் கண்டி மாவட்டம் எரிந்தது. அது மாத்திரையல்ல, வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது சேதம் நடந்து முடிந்திருந்தது. அரசாங்கம் மார்ச் 7இல் முகநூலையும் வட்சப்பையும் நாடு முழுவதும் முடக்கி, ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தது. கலவரக்காரர்கள் முடக்கத்தைத் தாண்டும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டார்கள். சவூதியிலும் கட்டாரிலும் இருந்த பிள்ளைகளோடு பேச முடியாமல் அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் தாய்மார் தவித்தார்கள். முகநூல் நிறுவனம் தன்னுடைய தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்குச் சட்டம் தேவையில்லை என்று இதைக் கொண்டு நான் வாதாட வரவில்லை. அது குற்றவியல் சட்டத்தின் வேலை, தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை. தேர்தல் பிரசார ஒழுங்கை அதனோடு ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டும் கெடும்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த மூட்டையைத்தான் கட்டியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று, எது பொய்யான கூற்று என்று பார்த்து அதை நீக்கச் சொல்லலாம். உறுப்பினர்களை நியமிப்பது ஜனாதிபதி. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பது உண்மை. ஆனாலும், தேர்தலில் போட்டியிடக்கூடிய ஒருவரால் நியமிக்கப்படுகிறவர்கள் தேர்தல் காலத்தில் எது பொய் என்று தீர்மானிப்பதை, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. நம்முடைய அரசியல் உரையில் பாதி, காணாமலாக்கப்பட்டோர், காணி, தமிழரும் முஸ்லிம்களும் முரண்படும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் என்று உண்மை எதுவென்பதே தகராறாக உள்ள விடயங்களைப் பற்றியது. கல்முனைத் தமிழரின் உண்மையும் முஸ்லிமின் உண்மையும் வெவ்வேறாக இருக்கும்போது, கொழும்பில் இருக்கும் ஐவர் நடுத்தீர்ப்புச் சொல்லப் போகிறார்களா?

மற்ற நாடுகள் இந்தக் கோட்டை எங்கே கிழித்தன என்று பார்ப்பது பயனுள்ளது. அமெரிக்கத் தேர்தல் ஆணைக்குழு 2006இல் ஒரு விதி செய்தது: இன்னொருவருடைய இணையத்தளத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கு மட்டும் பிரசார நிதிச் சட்டம் பொருந்தும், தனியாள் தன் வீட்டிலிருந்து சம்பளமில்லாமல் எழுதுவதற்குப் பொருந்தாது. அடிப்படை சரியானது. பத்தாண்டு கழித்து அது ஓட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம், அடிவரியை எல்லா விளம்பரங்களிலும் கட்டாயமாக்காமல் விட்டது. ஐக்கிய இராச்சியம் 2022ஆம் ஆண்டின் தேர்தல்கள் சட்டத்தால் அந்த ஓட்டையை அடைத்தது. 2023 நவம்பரிலிருந்து, காசு கொடுத்துப் போடும் அரசியல் விளம்பரம் யாருடையதானாலும் அதில் வெளியிட்டவரின் பெயரும் தபால் முகவரியும் இருக்க வேண்டும். காசில்லாத பதிவென்றால் கட்சிகள், வேட்பாளர்கள், பதிவுசெய்த பிரசாரகர்கள் முதலியோருக்கு மட்டும் அந்தக் கடமை. ஊர் இளைஞனின் கேலிப்படத்தை அது தொடாது. நம்முடைய 1946 விதியின் நேர்த்தம்பி அது. நமக்கு அதை இரவல் வாங்க வேண்டிய தேவைகூட இல்லை. சொந்தச் சட்டத்தில் 'துண்டுப்பிரசுரம், சுவரொட்டி' என்பதற்குப் பக்கத்தில் கட்டண இணைய விளம்பரத்தையும் சேர்த்தால் போதும்.

பாரத்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் உதாரணம். அரசியல் விளம்பரம் பற்றிய விரிவான ஒழுங்குவிதி 2025 ஒக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வருமுன்னரே, கூகுளும் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவும் அரசியல் விளம்பரமே வேண்டாம் என்று ஒன்றியத்தில் கடையை மூடிவிட்டன. நல்லதுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாகரையிலோ பொத்துவிலிலோ சுயேச்சைக் குழுவில் நிற்கும் ஓர் ஆசிரியைக்குப் பத்திரிகையில் கால்பக்க விளம்பரம் போடவோ தொலைக்காட்சியில் நேரம் வாங்கவோ வசதியில்லை. ஐயாயிரம் ரூபாவுக்குத் தன் வட்டாரத்துக்கு மட்டும் ஒரு காணொளியை ஓடவிட அவருக்கு இணையம் ஒன்றுதான் வழி. அதை மூடினால் பாதிக்கப்படுகிறவர் அவர். பெரிய கட்சிக்கு வேறு நூறு வழி உண்டு.

அதிலும் விளம்பரத் தடை பணத்தைத் தடுப்பதில்லை. டிக்டொக் நிறுவனம் 2019இலிருந்தே அரசியல் விளம்பரங்களை ஏற்பதில்லை. ஆனால் பின்தொடர்வோர் அதிகமுள்ள ஒருவருக்குக் கையில் காசைக் கொடுத்து, வேட்பாளரைப் பற்றி ஒரு 'லைவ்' போகச் சொல்வதை டிக்டொக் எப்படி அறியும்? ருமேனியாவில் 2024 டிசெம்பரில் ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றையே அரசியலமைப்பு நீதிமன்றம் இரத்துச் செய்ய நேர்ந்ததற்கு டிக்டொக் பிரசாரமும், பிரசாரச் செலவே இல்லை என்று அறிவித்த ஒரு வேட்பாளரின் கணக்கும் பெரிய காரணங்கள். கையால் கைமாறும் இந்தக் காசுக்கு நிறுவனத்தின் நூலகம் உதவாது; வாங்கியவரும் கொடுத்தவரும் அறிவிக்க வேண்டும், அறிவிக்காதது குற்றமாக வேண்டும். மறைக்கிறவர்கள் மறைப்பார்கள்தான். ஆனால் ஊரில் எதுவும் நெடுநாள் மறைவாக இருப்பதில்லை. எதிர்வேட்பாளரின் ஆட்கள் தேடிக் கொண்டுவந்து தருவார்கள், அதைக் கொடுக்க ஒரு சட்டம் இருந்தால்.

இணையத்தின் பலத்தைக் கூட்டிச் சொல்லக் கூடாது என்பதையும் இடையில் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பரில் திரைகளில் ஓடியதெல்லாம் தேசிய மக்கள் சக்தியின் அலை. 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ அது வென்றது, யாழ்ப்பாணம் உட்பட. வெல்லாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. ஐந்து ஆசனங்களில் மூன்று தமிழரசுக் கட்சிக்குப் போயின. பக்கத்துத் திகாமடுல்லவில், அதாவது அம்பாறை மாவட்டத்தில், அலை வென்றது. இரண்டு மாவட்டத்தாரும் பார்ப்பது ஒரே முகநூலைத்தான். யாருக்கு வாக்களிப்பது என்பதை இன்னும் சித்தப்பாவும் கோயில் தலைவரும் பள்ளிவாசல் நிர்வாகமும் கூடித்தான் பெருமளவு தீர்மானிக்கிறார்கள் போலும். ஆகவே ஒழுங்குவிதி வேண்டும் என்று நான் சொல்வது, விளம்பரம் மக்களை மயக்கிவிடும் என்பதற்காக அல்ல. செலவுக்கு வரம்பு வைத்த நாட்டில் செலவின் ஒரு பெரிய பங்கு கணக்கில் ஏறாவிட்டால் வரம்புக்கு அர்த்தமில்லை என்பதற்காக.

வட்சப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது தனிப்பட்ட உரையாடல். பழைய மாணவர் குழுவுக்குள் வரும் குரல் பதிவைச் சட்டம் ஒட்டுக்கேட்கத் தொடங்கினால், தேர்தல் முடிந்த பிறகும் அது காதை எடுக்காது. தமிழ்நாட்டில் 2018இல் காலமான கருணாநிதி 2024இல் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மேடைத் திரையில் தோன்றிப் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். அது கட்சி அறிய வெளிப்படையாக நடந்தது. வேட்பாளர் ஒருவரின் குரலைத் திருடிச் செய்யும் பதிவு வேறு; அதற்கு வேட்பாளரின் மறுப்பு அதே வேகத்தில் அதே குழுக்களுக்குப் போக வேண்டும். வேட்புமனுவோடு தம்முடைய அதிகாரபூர்வப் பக்கங்களையும் இலக்கங்களையும் ஒவ்வொருவரும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, அந்தப் பட்டியல் மாவட்டச் செயலகமான கச்சேரியின் பலகையிலும் ஆணைக்குழுவின் தளத்திலும் இருந்தால், மறுப்பு எங்கே தேடுவது என்பதாவது தெரியும்.

மௌன காலம் இன்னும் பாக்கி. வாக்கெடுப்புக்கு முந்திய 48 மணித்தியாலம் பிரசாரம் கூடாது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் செப்டெம்பர் 18 நள்ளிரவோடு மேடைகளும் ஒலிபெருக்கிகளும் ஓய்ந்தன. கட்டண விளம்பரத்துக்கு முடிவுத் திகதி குறிப்பது விளம்பரதாரரே. 21ஆம் திகதி மாலை நான்கு மணி என்று குறித்தால் அதுவரை ஓடும். இதை நிறுத்துவது நிறுவனங்களுக்கு ஒரு பொத்தானின் வேலை. இலங்கையை இலக்காகக் கொண்ட எல்லா அரசியல் விளம்பரங்களையும் அந்த நள்ளிரவில் நிறுத்தும்படி ஆணைக்குழு எழுத்தில் கேட்கலாம், அதைக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்தால். சாதாரண வாக்காளர் தன் பக்கத்தில் அந்த இரு நாளும் எழுதுவதைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். தேநீர்க் கடையில் பேசுகிறவரை எந்தக் காலத்திலும் பொலிஸார் பிடித்ததில்லை.

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். அன்று பெரும்பாலானவர்களின் கையில் இருந்தது பொத்தான் தொலைபேசி. சபை 2017இல் கலைந்தபின் இன்னும் கூடவில்லை. அந்தத் தேர்தலை நடத்துவதற்கு எப்படியும் பாராளுமன்றம் சட்டத்தைத் தொட்டாக வேண்டும். தொகுதி எல்லைகளை நிர்ணயித்துப் புதிய முறையில் நடத்துவதா, பழைய முறையிலேயே நடத்துவதா என்ற வாதத்திலேயே எல்லோரும் நிற்கிறார்கள். சட்டத்தைத் திறக்கும் அதே கையோடு மேற்சொன்ன இரண்டு மூன்று திருத்தங்களையும் செய்துவிடலாம். நம்முடைய மாவட்டங்களின் உறுப்பினர்களில் எவராவது குழுநிலை விவாதத்தில் இதைக் கேட்பாரானால், அவர் எந்தக் கட்சி என்று நான் பார்க்கமாட்டேன்.